பழைய மரச் சாமான்களை வீட்டிலேயே சீர்செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் கிடக்கும் கணக்குப்பெட்டி, ஒரு கால் ஆடும் ரோஸ்வுட் நாற்காலி, பிரம்பு அறுந்த ஈஸி சேர். ஊர் வீட்டை விற்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ இவற்றில் ஒன்று நம் பங்குக்கு வந்து சேர்ந்துவிடும். நான் தச்சுத் தொழில் கற்றவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் செய்து செய்து பழகியவன், கெடுத்துக் கெடுத்துக் கற்றவன் என்றும் சொல்லலாம். தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

நாற்காலி கன்னங்கரேல் என்று கிடக்கிறது. முதலில் எந்த நம்பர் உப்புத்தாள் வாங்க வேண்டும்?

எந்த நம்பரும் வேண்டாம். உப்புத்தாள் கடைசியில் வருவது; பல சமயம் வரவே வராதது.

நான் முதன்முதலில் கை வைத்தது தாத்தாவின் கணக்குப்பெட்டியில். தரையில் உட்கார்ந்து எழுத வாகாக மேல்பலகை சாய்ந்திருக்குமே, அந்த மாதிரி. சொரசொரப்பான 80 நம்பர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு மூடியின் உட்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். ஏதோ கிறுக்கல், அழுக்கு என்று நினைப்பு. பாதி தேய்த்த பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அது பென்சில் கணக்கு. யாரோ நெல் வாங்கியிருக்கிறார், எத்தனை மூட்டை என்ற எண்ணை நான் தேய்த்துவிட்டேன். ‘பாக்கி’ என்ற சொல் மட்டும் இன்றைக்கும் இருக்கிறது.

பழைய மரத்தின் மேல் தோல் நூறு வருட வெளிச்சமும் கைப்பட்ட எண்ணெயும் சேர்ந்து உண்டான நிறம். ஒரு மில்லிமீட்டர்கூட ஆழம் இருக்காது. தேய்த்துவிட்டால் உள்ளே இருப்பது புது மரத்தின் நிறம்தான். அதை மறுபடி பழசாக்க எந்தப் பாலிஷும் கிடையாது. அதனால் முதல் வேலை துடைப்பது. துடைத்து ஒரு வாரம் கண்ணில் படும்படி வைத்திருங்கள். பாதிப் பேர் ‘இதுவே போதும்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் சரியும்கூட.

சரி, எப்படித் துடைப்பது?

உலர்ந்த பெயிண்ட் பிரஷால் இடுக்குத் தூசியைத் தட்டிவிடுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, பழைய பனியன் துணியை நனைத்து, சொட்டே இல்லாமல் பிழிந்து, ஒரு சாண் இடம் துடையுங்கள். உடனே வேறு ஈரத்துணி, அடுத்து உலர்ந்த துணி. அப்புறம்தான் அடுத்த சாண். மரத்தைக் குளிப்பாட்டக் கூடாது. மூட்டுக்குள் தண்ணீர் போனால் பசை இளகிவிடும்.

செதுக்கு வேலைக்குள் இருக்கும் அழுக்குக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றிக்கொள்ளுங்கள். முகம் சுளிக்க மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன்: அந்தப் பஞ்சை எச்சிலில் நனைத்தால் தண்ணீரைவிட நன்றாக எடுக்கும். அருங்காட்சியகங்களில் ஓவியம் துடைப்பவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. எச்சில் எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்கிறது என்று அளந்து பார்த்தவர்களுக்கு 2018-ல் வேதியியலுக்கான ‘இக் நோபல்’ என்ற வேடிக்கைப் பரிசுகூடக் கிடைத்தது.

மேலே பூசியிருப்பது என்ன பாலிஷ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யார் கண்ணிலும் படாத இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காலின் உட்புறம் நல்லது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு அரை நிமிடம் வையுங்கள். பிசுபிசுவென்று இளகிப் பஞ்சில் பழுப்பு ஒட்டினால் அது அரக்கு, அதாவது பிரெஞ்சு பாலிஷ். பழைய வீடுகளின் நல்ல சாமான்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் அது லாக்கர் என்ற வகைப் பாலிஷ். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பின்னாளில் யாரோ மெலமைன், பி.யூ. (பாலியூரித்தேன்) மாதிரி கெட்டியான பூச்சு ஒன்றை அடித்திருக்கிறார்கள்.

அரக்கு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எத்தனை வருடம் கழித்தும் ஸ்பிரிட் பட்டால் கரையும். புதிதாகப் பூசுவது பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும். சுரண்டி எடுக்க வேண்டிய வேலையே இல்லை. மெலமைன் அப்படி இல்லை, மேலே ஒரு கண்ணாடி ஓடு மாதிரி உட்கார்ந்துவிடும். கீறல் விழுந்தால் முழுதும் எடுத்துவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும். பழைய சாமானுக்கு மெலமைன் அடிக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். தினம் சூடான பாத்திரம் வைக்கிற சாப்பாட்டு மேசைக்கு மட்டும் விதிவிலக்கு.

பிரெஞ்சு பாலிஷை வீட்டில் போட முடியுமா?

முடியும். பொறுமைதான் முக்கால்வாசிச் சரக்கு.

அரக்கு என்பது ஒரு சிறு பூச்சி மரக்கிளையில் சுரந்து வைக்கும் பிசின். புரசு, இலந்தை, குசும் மரங்களில் வளர்க்கிறார்கள். ஜார்க்கண்ட் பக்கம் இது பெரிய தொழில். கடையில் ஆரஞ்சு நிறச் செதில்களாகக் கிடைக்கும். 250 மில்லி ஸ்பிரிட்டுக்கு 50 கிராம் செதில். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள். இரும்பு டப்பா கூடாது, கரைசல் கறுத்துவிடும். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் சட்டென்று பற்றிக்கொள்ளும். அரக்கு மாளிகைக் கதை தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அடுப்போ விளக்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

பூசுவதற்கு பிரஷ் வேண்டாம். எலுமிச்சை அளவு பஞ்சை உருட்டி, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துணியில் பொட்டலமாக முடிந்துகொள்ளுங்கள். பஞ்சுக்குள் கரைசலை விட்டு, உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தால் ஈரம் தெரிய வேண்டும், வழியக் கூடாது. தோசைக்கல்லில் எண்ணெய்த் துணி ஓடுகிற மாதிரி பொட்டலம் மரத்தில் ஓட வேண்டும். நடுவில் நின்றீர்கள் என்றால் துணி ஒட்டி, நெசவு அச்சு அப்படியே விழுந்துவிடும். ஓடிக்கொண்டே வந்து தொட வேண்டும், ஓடிக்கொண்டே விலக வேண்டும்.

முதல் நாள் மரத்தின் ரேகையோடு மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் காய அரை மணி நேரம். இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் 400 நம்பர் தாளால் பூ மாதிரி ஒரு தடவல், தூசியைத் துடைத்து மறுபடி பூச்சு. இப்போது பொட்டலத்தின் அடியில் ஒரே ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் தொட்டு, 8 போடுகிற மாதிரி சுழற்றிச் சுழற்றித் தேய்க்கலாம். இப்படி நாலைந்து நாள். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் மேலே காய்ந்து உள்ளே காயாமல் கசங்கிவிடும்.

மழை நாளில் மட்டும் தொடவே தொடாதீர்கள். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பாலாடை படிந்த மாதிரி வெளுத்துவிடும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையை விட்டுவிட்டு மாசியில் ஆரம்பியுங்கள்.

காபி டம்ளர் வைத்த வட்டம் போகுமா?

வெள்ளை வட்டம் என்றால் போகும். ஈரம் பாலிஷுக்குள்தான் இருக்கிறது, மரத்துக்குப் போகவில்லை. இரவில் கொஞ்சம் வாஸ்லின் தடவிக் காலையில் துடைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால், ஸ்பிரிட் தொட்டுப் பிழிந்த துணியால் மேலோட்டமாக ஒரே வீச்சு.

கறுப்பு வட்டம் வேறு கதை. ஈரமும் இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து மரத்துக்குள்ளேயே மை ஆகியிருக்கிறது. அந்த இடத்துப் பாலிஷை எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவினால் வெளுக்கும், பிறகு தண்ணீரால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். அது விஷம். கையுறை போடுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாட்டிலை அடையாளம் எழுதாமல் வைக்காதீர்கள். என் மேசையில் ஒரு கறுப்பு வட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன். மைக்கூடு வைத்த இடம்.

தேக்கு பீரோவுக்கு யாரோ பச்சை பெயிண்ட் அடித்துவிட்டார்கள். எப்படி எடுப்பது?

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வீட்டு பெயிண்டுகளில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதி 2016-ல் வந்தது, 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தைய பெயிண்டை உலர்ந்த தாளால் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சிலும் தரையிலும் போகும். சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் இதைச் செய்யவே கூடாது. பெயிண்ட் ரிமூவரைத் தடவி, ஊறி எழும்பியதும் மழுங்கிய தகட்டால் ஈரமாகவே வழித்துப் பழைய செய்தித்தாளில் மடித்து அப்புறப்படுத்துங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், அந்த ஆவியும் நல்லதில்லை. கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம்.

காஸ்டிக் சோடா தண்ணீர் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். பெயிண்ட் போகும். கூடவே மூட்டுப் பசையும் போகும், தேக்கு கறுத்தும் விடும்.

நாற்காலி ஆடுகிறது. ஆணி அடித்தால் போதாதா?

ஆணிதான் பழைய நாற்காலிகளின் எமன். மூட்டில் மரம் மரத்துக்குள் நுழைந்து நிற்கிறது. ஆணி அதைப் பிளந்து, துருப்பிடித்து, சுற்றி மரத்தையும் கறுக்கடித்துவிடும். அடுத்து கழற்ற வருபவர் அந்த ஆணியை எடுக்கும்போது மிச்சமும் உடையும்.

அந்தக் காலத்து ஆசாரிகள் மூட்டுக்குப் போட்டது வஜ்ஜிரம். மாட்டுத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுத்த பசை. அதன் அருமையே அது விட்டுக்கொடுக்கும் என்பதுதான். மூட்டில் வெந்நீர்த் துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்து மெல்ல அசைத்தால் இளகும். மரச் சுத்தியல், இடையில் துணி, அவசரம் கூடாது. எந்தக் கால் எந்தத் துளைக்கு என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். கையால் செய்தவை, ஒன்று இன்னொன்றில் சேராது.

கழன்ற பிறகு இரு பக்கமும் பழைய பசையை வெந்நீரிலும் பழைய டூத்பிரஷிலும் முழுதாக எடுத்துவிட வேண்டும். பழைய பசைமேல் ஃபெவிகால் போட்டால் அது ஒட்டுவது பசையில், மரத்தில் இல்லை. ஆறு மாதத்தில் மறுபடி ஆடும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு; ஒட்டுமுன் தின்னர் தொட்ட துணியால் ஒரு துடை துடையுங்கள்.

ஒட்டியபின் இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் இல்லையா? சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி நீளவாக்கில் வெட்டி, நாலு காலையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். கிளாம்பைவிட நன்றாகப் பிடிக்கும், மரத்தில் அச்சும் விழாது. வழியும் பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். காய்ந்தால் அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது. சமதளத்தில் நிறுத்தி நாலு காலும் தரையில் படுகிறதா என்று பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

ஃபெவிகாலா வஜ்ஜிரமா என்றால், விலை உயர்ந்த சாமானுக்கு வஜ்ஜிரம், தினம் உட்காரும் நாற்காலிக்கு ஃபெவிகால் பரவாயில்லை.

திருகு கழல மாட்டேன் என்கிறது.

கம்பி பற்றவைக்கும் சால்டரிங் அயர்னின் சூடான முனையைத் திருகின் தலையில் ஒரு நிமிடம் வையுங்கள். சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கிப் பிடியை விடும். வெட்டு முழுதாக நிரம்பும் அளவுள்ள ஸ்க்ரூடிரைவர் வேண்டும், இல்லாவிட்டால் தலை மழுங்கிவிடும்.

மேசைப் பலகையில் விரிசல். மக்கு வைத்து அடைக்கலாமா?

கோடையில் மட்டும் தெரிகிறதா, மழைக்காலத்தில் மூடிக்கொள்கிறதா என்று ஒரு வருடம் பாருங்கள். மரம் ரேகைக்குக் குறுக்கே விரியும், சுருங்கும். கோடையில் கெட்டியாக அடைத்தால் மழையில் விரிய இடமில்லாமல் வேறிடத்தில் பிளக்கும். எப்போதும் திறந்தே இருக்கும் விரிசலுக்கு அதே மரத்தில் சீவிய மெல்லிய துண்டைச் செருகுவது நல்லது. மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்த மக்கு பாலிஷை ஏற்காது, வெளிறிய தழும்பாகவே நிற்கும். சின்னக் குழிகளுக்கு நிறம் சேர்த்த தேன்மெழுகு போதும். ஏசி அறைக்குப் பழைய சாமானை மாற்றினால் புது விரிசல் வரும். காற்று நேராகப் படும் இடத்தில் வைக்காதீர்கள்.

இதே கணக்குதான் கார்த்திகையில் திறக்க மறுக்கும் இழுப்பறைக்கும். இழைப்புளியைத் தேடாதீர்கள். பங்குனியில் தானே திறக்கும், இப்போது சீவினால் அப்போது லொடலொட என்று ஆடும். அதுவரை ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள்.

காலடியில் மாவு மாதிரி கொட்டுகிறது.

உளுத்துப்போகிறது. ஆனால் அது பழைய உளுவா, இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சுத்தமாகப் பெருக்கிவிட்டுக் காலடியில் கறுப்புத் தாள் விரியுங்கள். இரண்டு வாரத்தில் புது மாவு விழுந்திருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. துளை குண்டூசித் தலை அளவு இருக்கும். மர உளு மருந்தை ஊசி சிரிஞ்சால் ஒவ்வொரு துளையிலும் ஏற்றி, மெழுகால் மூடி, மறுபடி தாள் விரித்துப் பாருங்கள். மருந்து டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியை இந்த வண்டு பெரும்பாலும் தொடாது. ஓரத்து வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும்.

கரையான் என்றால் சாமானில் மருந்து வைத்துப் பயனில்லை, அது வருவது தரையிலிருந்தும் சுவரிலிருந்தும். ஆளைக் கூப்பிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கிறதே?

ஒரு வாரம் பளபளக்கும். தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். தூசியை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு கருந்தோலாகிவிடும். முதல் கேள்வியில் கன்னங்கரேல் என்று கிடந்த நாற்காலி அப்படித்தான் கறுத்திருக்கும். நல்லெண்ணெயும் அதே கதைதான். காய்கிற எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். ஒன்று கவனம்: அதைத் தொட்டுத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காயும்போது தானே சூடாகி நெருப்புப் பற்றிக்கொள்ளும். விரித்து வெளியில் காயப்போடுங்கள். ஏற்கெனவே பாலிஷ் உள்ள சாமானுக்கு எண்ணெயே தேவையில்லை, வருடம் ஒருமுறை தேன்மெழுகுப் பாலிஷ் போதும்.

பித்தளைக் கைப்பிடிக்குப் புளி போடலாமா?

கழற்றிவிட்டுப் போடுங்கள். மரத்தில் இருக்கும்போது போட்டால் புளித்தண்ணீர் சுற்றிலும் கறையாகும். ரொம்பவும் மின்ன வைக்காதீர்கள், பழைய பெட்டியில் புதுப் பித்தளை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஈஸி சேரின் பிரம்பை நானே பின்னலாமா?

பின்னலாம். முதல் நாற்காலி ஒரு வாரம் தின்னும். பிரம்பு நாரை அரை மணி ஊறவைத்து ஈரத்தில் பின்ன வேண்டும், காய்ந்தால் தானே விறைக்கும். துளைகளில் பழைய நாரைத் தட்டி எடுப்பதுதான் பெரிய தொல்லை. நேரமில்லை என்றால் பின்னத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பார்வையற்றோர் பலர் இந்தத் தொழிலைக் கற்றுச் செய்கிறார்கள். விரல் நுனியிலேயே இழுவிசை பார்த்து அவர்கள் பின்னும் எண்கோணம் நம்முடையதைவிடச் சீராக இருக்கும்.

காரைக்குடியில் வாங்கப் போகிறேன். பழசு எது, பழசாக்கியது எது?

முனீஸ்வரன் கோவில் வீதிக் கடைகளில் உண்மையான செட்டிநாட்டுச் சாமானும் இருக்கும், இடித்த வீட்டின் உத்தரத்திலிருந்து போன மாதம் செய்த மேசையும் இருக்கும். இரண்டாவதிலும் மரம் பழசுதான், அதனால் அது மோசம் என்று சொல்ல மாட்டேன். விலை மட்டும் வேறாக இருக்க வேண்டும்.

முகப்பைப் பார்க்காதீர்கள். இழுப்பறையை உருவித் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் வாள் பட்ட கோடு வளைவாக இருந்தால் வட்ட ரம்பம், இயந்திர வேலை. நேராக, ஒழுங்கில்லாமல் இருந்தால் கைவாள். மூலையில் பலகைகளைக் கோக்கும் பற்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படுங்கள். கூட்டல் குறி போட்ட திருகு 1930-களில் வந்தது. அது இருந்தால் அந்தத் திருகாவது அதற்குப் பிந்தையது. வட்ட மேசை என்றால் டேப்பை எடுத்து இரண்டு பக்கமும் அளங்கள். நிஜமாகப் பழசானால் ரேகைக்குக் குறுக்கே சில மில்லிமீட்டர் சுருங்கி, வட்டம் வட்டமாக இருக்காது. தேய்மானத்தையும் பாருங்கள்: நாற்காலியில் கை வைக்கும் இடமும் கால் படும் கட்டையும் தேய வேண்டும். யாரும் தொடாத இடம் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் தேய்மானம்.

இது பர்மா தேக்கா, நாட்டுத் தேக்கா?

இரண்டும் ஒரே மர இனம். கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்கிறேன் என்பவரை நான் நம்புவதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அனுப்பலாமா?

நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைவேலைப்பாட்டுப் பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. உங்கள் சொந்தப் பாட்டியுடையது என்பதால் விலக்கு கிடையாது. தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்கிவிடுங்கள். ரோஸ்வுட் என்றால் இன்னொரு சிக்கல்: 2017 ஜனவரி முதல் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. பேக்கிங்குக்குப் பணம் கட்டும் முன் இரண்டையும் விசாரியுங்கள்.

அலங்கார மேசைக் கண்ணாடியில் கறுப்புப் புள்ளிகள். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். முகம் பார்க்கப் புதுக் கண்ணாடி ஒன்றைச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். கட்டாயம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய கண்ணாடியைத் துணியில் சுற்றி அதே மேசையின் பின்பலகைக்குள் செருகி வையுங்கள். உங்கள் பேத்தி கேட்பாள்.